மூன்று தேதியில் பெய்த ஒரே மழை

கொல்லிமலைக்கு மடியில் கம்ப்யூட்டரோடு போன முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். மடிக்கணினி என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் இயக்குநர் ஒருவருக்குத்தான். என் மடியில் இருந்தது மேசைக்கு அடியில் வைக்கிற தகரப் பெட்டி. அதன் மானிட்டரைக் கோணிச்சாக்கில் சுற்றிப் பின்சீட்டுக்குக் கீழே செருகியிருந்தேன்.

பேளுக்குறிச்சி வரைக்கும் எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. அன்று அங்கே சந்தை. பஸ் நின்றதும் சந்தையில் பாதி உள்ளே ஏறிவிட்டது. கொத்தமல்லி மூட்டை, மிளகாய் மூட்டை, கால் கட்டிய கோழிகள், ஒரு புத்தம்புது அண்டா. அண்டாவை என் மானிட்டர்மேல் வைத்தார்கள். கோழி ஒன்று என் பெட்டியிலிருந்த காற்றுத் துளைகளைப் பார்த்து ஏதோ தானியம் என்று நினைத்துக் கொத்த ஆரம்பித்தது.

"அம்மிணி, அதென்னுங்க, டிவிங்களா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"கம்ப்யூட்டருங்க."

"படம் வருங்களா?"

"வராதுங்க. கணக்குதான் வரும்."

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கோழிக்கு டிக்கெட் இல்லையா என்று கேட்டேன். "கோழி மடியில வருதுங்க," என்றார். என் பெட்டியும் மடியில்தான் வருகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முன்பக்கம் போய்விட்டார்.

காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. எழுபது கொண்டை ஊசி. நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் பக்கம் உயரமான இடம் என்றால் உப்புக் குவியல்தான். ரோடு போட்டால் கடலைப் பார்த்து நேராகப் போகும். இங்கே ரோடு எங்கே போவதென்று முடிவு பண்ணாமலேயே மேலே ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் அண்டா உருளும் சத்தம் கேட்கும். என் உயிர் போய்விட்டு அடுத்த வளைவில் திரும்பி வரும்.

எதற்காக இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பி உலகமே நின்றுவிடும் என்று பயமுறுத்தி, ஒன்றும் ஆகாமல் இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் நூலகவியல் படித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். வேலைக்குப் பெயர் மெட்டாடேட்டா ஒருங்கிணைப்பு. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க, "அடுக்களையில் டப்பாமேல் சீட்டு ஒட்டுகிறோமே, அந்தச் சீட்டுதான் மெட்டாடேட்டா. எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி சீட்டு ஒட்டவைப்பது என் வேலை," என்றேன். "இதுக்கெல்லாமா சம்பளம் தாராவ?" என்றாள் அம்மா.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுச் சாமைக் காடுகளில் மூன்று குழுக்கள் பல வருஷமாக வேலை செய்திருந்தன. ஒரு குழு மண்ணைப் பார்த்தது, ஒன்று மழையை அளந்தது, மற்றொன்று செடியை எண்ணியது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த மண்ணில் எவ்வளவு மழைக்குச் சாமை நன்றாக வருகிறது என்று தெரியும். ஆனால் ஒருவர் ஒட்டிய சீட்டு இன்னொருவருக்கு ஆகாது. சென்னையில் கூட்டம் போட்டால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விடுவார்கள். அதனால் இயக்குநர் மூன்று குழுத் தலைவர்களையும் மலைமேல் ஒரு விடுதிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஆட்டோ கிடைக்காதாம்.

எனக்கு மட்டும் தனியாக ஒன்று சொன்னார். "கடைசி நாள் நான் மேலே வருவேன். அன்றைக்கு மூன்று கோப்பும் ஒன்றாகச் சேர்ந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி என்னால் கேட்க முடியாதம்மா." வேலை போனால் நான் ஊருக்குத் திரும்பி மாமாவின் உப்புக் கம்பெனியில் உட்கார வேண்டியதுதான். மாமா ரொம்ப நம்பிக்கையோடு இருந்தார். எனக்காக ஒரு சுழல் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

விடுதி செம்மேட்டுக்கு வெளியே, பலாமரங்களுக்கு நடுவில் இருந்தது. மூன்று பேரும் ஏற்கெனவே வந்து மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் மனசுக்குள் கூப்பிடுகிற பெயரிலேயே இங்கேயும் சொல்கிறேன். மண் சார், கோயம்புத்தூர்க்காரர். எதற்கும் கோபப்பட மாட்டார், எதற்கும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க, ஆனா அப்படி இல்லீங்க," என்பார். மழை மேடம் மெட்ராஸ். வெயிலடித்தாலும் குடையோடுதான் வருவார். செடி சார் மதுரை. எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் முதலில் அதன் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவார்.

சமையலுக்குப் பாப்பாத்தி அக்கா. மலைக்காரர். வந்த முதல் வேளையே முடவாட்டுக்கால் சூப்பு கொடுத்தார். பார்த்தால் ரோமம் போகாத ஆட்டுக்கால், குடித்தால் எலும்புச்சாறு; ஆனால் கிழங்கு. மழை மேடம் சைவம். டம்ளரைத் தள்ளிவைத்தார். "பெரணிங்க இது, செடிதான், குடிங்க," என்றார் செடி சார். "செடிக்கு எதுக்கு மயிர்?" என்று கேட்டார் மேடம். அக்கா அந்த டம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டையும் குடித்தேன். மிளகுக் காரத்தில் பஸ்ஸில் பட்ட பாடெல்லாம் இறங்கிப் போயிற்று.

அன்று மத்தியானமே ஒரு சோதனை ஓட்டம் பார்த்தேன். மானிட்டர் உயிரோடுதான் இருந்தது. அவர்கள் கொண்டுவந்திருந்த மூன்று பிளாப்பியையும் போட்டு, மூன்று கோப்பையும் அப்படியே ஒட்டவைத்தேன். 'உயரம்' என்று இரண்டு கோப்பில் ஒரு பத்தி, அதாவது நெடுக்கு வரிசை, இருந்தது. செடி சாருக்கு அது செடியின் உயரம். மழை மேடத்துக்கு மழைமானி நிற்கிற மலையின் உயரம். கம்ப்யூட்டர் இரண்டையும் சமாதானமாகச் சேர்த்து, கொல்லிமலை அளவுக்கு ஒரு சாமைச் செடியை வளர்த்துக் காட்டியது. மண் சார் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணுக்கு வருமுங்க," என்றார்.

சாயங்காலம் நல்ல மழை. நாலு பேரும் ஒரே தாழ்வாரத்தில், ஒரே தட்டிலிருந்த வேகவைத்த மரவள்ளியை, அங்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கை, தின்றுகொண்டு அந்த மழையைப் பார்த்தோம். இது நல்ல சகுனம் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

மறுநாள் கூட்டத்தில், "நேற்றைய மழையையே எடுத்துக்கொள்வோம். எந்தத் தேதியில் எழுதுவது?" என்று கேட்டுவிட்டேன். 

"இன்றைய தேதி," என்றார் மழை மேடம். மழைமானியைக் காலை எட்டரைக்குத்தான் அளப்பார்களாம். அதுவரை பெய்ததெல்லாம் அளந்த நாளின் கணக்கில் சேருமாம். நாடு முழுக்க அதுதான் வழக்கமாம்.

"அப்போ நேத்துப் பெஞ்சது இன்னைக்குப் பெஞ்ச மழையா? நான் பயிருக்குப் பிறந்த நாள் வச்சுத்தான் எழுதுவேன். விதைச்ச முப்பதாம் நாள் மழை. செடிக்கு ஏது தேதி?" என்றார் செடி சார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்றது ரொம்பச் சரிங்க," என்றார் மண் சார். "ஆனா நேத்து நனைஞ்ச மண்ணு ஆய்வகத்துக்கு வந்து நாங்க பையைப் பிரிக்கறது அடுத்த வாரமுங்க. எங்க கோப்புல அந்தத் தேதிதானுங்க வரும்."

காப்பி கொண்டுவந்த பாப்பாத்தி அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வாரத்து மழையிலயா நேத்து எம்பட துணியெல்லாம் நனைஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அதாவது, நிறைய நடந்தது. ஒரே சாமைக் காட்டை மண் சார் 'மாதிரி எடுத்த இடம்' என்பார், மழை மேடம் 'நிலையம்' என்பார், செடி சார் 'வாழிடம்' என்பார். நிலையம் என்றால் அங்கே என்ன ரயிலா வருகிறது என்று செடி சார் கேட்டார். வாழிடம் என்றால் வீட்டு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று மேடம் கேட்டார். மண் சார் இரண்டு பேரிடமும் ரொம்பச் சரி என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று பேரும் மறுபடி மூன்று மூலைக்குப் போய்விட்டார்கள்.

நான் சமையற்கட்டுக்குப் போய், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாருக்கும் விளக்க முடியாத வேலையாக இருந்தாலும் என் வேலை.

"ஏஞ்சாமி, என்னாச்சு?" என்றார் அக்கா.

சொன்னேன். மெட்டாடேட்டாவை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். மூன்று பேரும் ஒத்துப்போகாவிட்டால் எனக்கு வேலை இல்லை, சுழல் நாற்காலிதான்.

"சுத்தற நாக்காலி நல்லாத்தானே கண்ணு இருக்கும்?"

"எனக்கு வேண்டாங்க்கா."

அவர் கொஞ்ச நேரம் கிழங்கு சீவினார். "நாளைக்கு உன்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன். முகங்கழுவிட்டு வந்து சாப்புடு," என்றார்.

மூன்றாம் நாள் எல்லாரும் ஆகாய கங்கை அருவிக்குப் போவதாக ஏற்பாடு. காலைப் பலகாரம் முடிந்ததும் மழை மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படி இறங்க முடியாது என்றார். செடி சாருக்கு வயிறு சரியில்லை; ஆறு பணியாரம் சாப்பிட்ட வயிறு அது. மண் சார் அன்றைக்கு மௌன விரதம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மூன்று பேருக்கும் என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேலைதான் போகப்போகிறது, அருவியையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று அக்காவோடு கிளம்பிவிட்டேன்.

இறங்கும்போது அந்தப் படிகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. கீழே தண்ணீர் மலையையே உடைக்கிற மாதிரி விழுந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் படுத்துக்கிடக்கும். அதை வெயிலில் காயவைத்து உப்பு எடுப்போம். நின்றுகொண்டு கத்துகிற தண்ணீரை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். ஏறும்போதுதான் படிகளின் குணம் தெரிந்தது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பாத்தி அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு மேலே நின்று, "மெல்ல வா கண்ணு, ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரம் இல்லாதது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கடைசி நாள் காலையில் இயக்குநருக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒப்புக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று பிளாப்பிகளைச் செருகினேன். முதலில் மண் சாரின் கோப்பைத் திறந்தால், பத்தித் தலைப்பில் 'நிலையம்' என்று இருந்தது. தவறாக மேடத்தின் பிளாப்பியைப் போட்டுவிட்டேனோ என்று வெளியே எடுத்துப் பார்த்தேன். இல்லை, மண் சாருடையதுதான். உள்ளே அத்தனை சொல்லும் மழை மேடத்தின் சொல். தேதிகூட எட்டரை மணித் தேதி.

நான் அருவிக்குப் போயிருந்தபோது மனுஷன் மௌன விரதம் இருந்து, என் கம்ப்யூட்டரில் இதைத்தான் செய்திருக்கிறார். அடுத்து மேடத்தின் கோப்பைத் திறந்தேன். அங்கே 'வாழிடம்' என்று இருந்தது. மேடம் செடி சாரின் சொல்லுக்கு மாறிவிட்டிருந்தார். மழைகூட விதைத்த நாளிலிருந்து எண்ணிப் பெய்துகொண்டிருந்தது. செடி சாரின் கோப்பைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. 'மாதிரி எடுத்த இடம்.'

மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதுவும் வட்டமாக. முன்பும் எந்த இரண்டு கோப்பும் ஒத்துப்போகவில்லை, இப்போதும் எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. உலகத்தில் வேறு யாராலும் இப்படி ஒரு உதவி செய்திருக்க முடியாது.

சமையற்கட்டுக்கு ஓடினேன். "அக்கா, நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்? பணியாரம் வெக்கறப்ப, அந்தப் புள்ளைக்கு வேல போயிருமாமுங்க, நீங்களாச்சும் எறங்கி வரக்கூடாதுங்களான்னு கேட்டேன்."

"யார்கிட்ட?"

"மூணு பேருகிட்டயுந்தான். தனித்தனியா. ஒருத்தருக்குத் தெரிஞ்சா இன்னொருத்தரு எறங்க மாட்டாங்கல்ல?"

அவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் முதல் பஸ் கண்டக்டர் வந்து, வளைவில் குச்சிக்கிழங்கு லாரி சாய்ந்துவிட்டது, பின்னால் உங்கள் ஆபீஸ் ஜீப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த லாரிக்கு இன்றைக்கும் நான் நல்லதுதான் நினைக்கிறேன்.

திரும்ப வந்து திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரிடமாவது உண்மையைச் சொல்லி ஒருவரை மட்டும் திரும்ப மாறச் சொல்லலாம். ஆனால் சொன்னால் மூன்று பேரும் அசடு வழிய நிற்பார்கள். பெரிய மனது பண்ணிச் செய்ததை அப்படிப் போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை. சும்மா மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தபோது, மண் சாரின் 'நிலையம்' பத்திக்குப் பக்கத்தில் கோடு கொஞ்சம் தடிமனாக இருப்பது கண்ணில் பட்டது. பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து 'மாதிரி எடுத்த இடம்' வந்தது. மனுஷனுக்குத் தன் சொல்லை அழிக்க மனசு வரவில்லை. பத்தியை நூலளவுக்கு ஒடுக்கி ஒளித்துவைத்திருக்கிறார்.

மேடத்தின் கோப்பில் கோடுகளை இழுத்துப் பார்த்தேன். 'வாழிடம்' பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது 'நிலையம்'. செடி சாரும் அதையேதான் செய்திருந்தார். தேதிகளுக்கும் அப்படியே, அவரவர் பழைய தேதி புதுத் தேதியோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருந்தது.

இரண்டு வருஷமாக நான் அவர்களிடம் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். உங்கள் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொருவர் சொல் எதுவென்று எழுதிக் கொடுங்கள். கேட்டபோதெல்லாம் கொடுக்காதவர்கள், எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மண்ணிலிருந்து மழைக்கு, மழையிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து மண்ணுக்கு. மூன்றையும் கோர்த்து ஒரு பட்டியல் போட்டேன். இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் மற்றதும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'உயரம்' இரண்டையும் பிரித்து வைத்தேன். அவர்கள் ஒடுக்கிய பத்திகளை எப்படி இருந்தனவோ அப்படியே திரும்ப ஒடுக்கிவிட்டேன்.

இயக்குநர் வந்து சேர்ந்தபோது கசங்கிப்போயிருந்தார். ஓட்டிக் காட்டினேன். சோதனைக்காக நான் சேர்த்திருந்த அந்த முதல் நாள் மழை ஒரே வரியில் வந்தது: மேடத்தின் தேதி, செடி சாரின் முப்பதாம் நாள், மண் சாருக்காக ஒரு வெற்றுக் கட்டம். அவர் பை பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்ததே. சாமைச் செடி முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"பொதுச்சொல் எது?" என்றார் இயக்குநர்.

"பொதுச்சொல் இல்லை சார். அவங்கவங்க சொல் அவங்கவங்களுக்கு. மூணும் ஒண்ணுன்னு பட்டியல் சொல்லிடும்."

அவர் வியந்துபோய் மூன்று பேரையும் பார்த்தார். "யார் விட்டுக்கொடுத்தது?"

மண் சார் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். மழை மேடம் குடையின் பிடியைத் துடைத்தார். செடி சார் ஜன்னல் வழியே பலாமரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ஒவ்வொருவர் முகத்திலும் மற்ற இரண்டு பேரையும் மன்னித்துவிட்ட களை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்வதாக இயக்குநர் அங்கேயே சொல்லிவிட்டார். சமையற்கட்டில் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அப்ப அந்த நாக்காலி?" என்றார். மாமா உட்கார்ந்துகொள்வார் என்றேன்.

கிளம்புவதற்குள் மூன்று பேரும் தனித்தனியாக என்னை ஓரங்கட்டினார்கள். மண் சார் கிணற்றடியில். "நாந்தானுங்க மாத்தினது. மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க, பாவம், சங்கடப்படுவாங்க." மேடம் வாசலில், முழங்கால் வலி சுத்தமாகப் போன நிலையில். செடி சார் பலாமரத்துக்குப் பின்னால். மூன்று பேரிடமும், "உங்களால்தான் என் வேலை நிலைத்தது," என்று சொன்னேன். ஒருவரிடமும் நான் பொய் சொல்லவில்லை.

ஜீப்பில் இயக்குநரும் என் கம்ப்யூட்டரும் போனார்கள். எங்களுக்கு பஸ். அக்கா கட்டிக்கொடுத்த வாழைப்பழச் சீப்போடு நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது பஸ் நிரம்பி வழிந்தது. ஆனால் எனக்கு இடம் இருந்தது. முன்னால் மண் சார் பக்கத்தில் துண்டு போட்டு ஓர் இடம். நடுவில் மழை மேடம் பக்கத்தில் குடை போட்டு ஓர் இடம். பின்னால் செடி சார், செடிகளை அழுத்துகிற பலகையை வைத்து ஓர் இடம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். அப்புறம் ஒருவர் ஆட்டுவதை மற்றவர் பார்த்துவிட்டார்கள்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு ஆளுக்கு மூணு சீட்டுங்களா?" என்றார் கண்டக்டர். "எதாச்சும் ஒண்ணுல உக்காருங்க. வண்டியெடுக்கோணும்."

மூன்று முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் துண்டை எடுத்து அங்கே ஒரு கைக்குழந்தைக்காரியை உட்காரவைத்தேன். குடையை மடித்து மேடத்திடம் கொடுத்துவிட்டு, மிளகு மூட்டையோடு நின்ற பெரியவரை அங்கே உட்காரச் சொன்னேன். பலகை இருந்த இடத்தில் ஓர் ஆள் நான் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுபது வளைவும் நின்றபடியே இறங்கினேன்.